அறுபத்தைந்தாவது சுவை

அந்த ஊரில் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பரிசோதகருக்குத் தெரியாது. உணவகத்தின் வாசலில் ஒரு மேஜை போட்டிருந்தது. குடையை வாங்கி வைக்கத்தான் என்று நினைத்து நீட்டினார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் குடையை ஒதுக்கிவிட்டு ஒரு தாளை நகர்த்தினாள். கூட வந்த வழிகாட்டிப் பெண் மெல்லப் படித்துச் சொன்னார். "சுவைக்க நான் தகுதியானவன். சுவைத்ததை ரசிப்பேன். ரசித்ததை முகத்திலிருந்து மறைக்க மாட்டேன்." கீழே சுவை ஆணையத்தின் முத்திரை இருந்தது.

பரிசோதகரின் மனைவி உடனே கையெழுத்துப் போட்டாள். அவர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போட்டார்.

அது அவருடைய தொழில் பழக்கம். முப்பத்தொரு வருஷம் குடிநீர் நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்து, போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். தினமும் காலையில் எட்டுக் குழாய்களிலிருந்து எட்டு மாதிரி. ஒவ்வொன்றையும் முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு, கண்டதை எழுத வேண்டும். பிற்காலத்தில் கருவிகள் வந்தன. கருவி ஒன்று சொல்லி இவர் வேறொன்று சொன்னால், கருவியைப் பழுதுபார்க்க அனுப்புவார்கள். அங்கே எல்லோரும் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

மனைவி நீதிமன்றத்தில் தட்டச்சர். இருபத்தெட்டு வருஷமாகச் சமைத்துவிட்டு வேலைக்கு ஓடி, ஓடி வந்து மறுபடி சமைத்தவள். மகள் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு எங்கெங்கே போகலாம் என்று பட்டியல் காட்டியபோது, அருங்காட்சியகங்களையும் அருவிகளையும் அடித்துவிட்டு, ஒயினுக்குப் பேர்போன இந்த ஊரை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். ஒயின் மேல் ஆசை என்றில்லை. யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, யாரோ கழுவி வைக்கிற இடத்தில் பத்து நாள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனவே அந்த முதல் மத்தியானம் அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் ஆணையம் கேட்காமலே வந்தது. மடித்து வைத்த துணியைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டாள். முள்கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போது மூன்றாவது நாற்காலியில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் எதுவும் சாப்பிடவில்லை. மடியில் ஒரு நோட்டை விரித்துக்கொண்டு இவர்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கவனிப்பாளர் என்று வழிகாட்டிப் பெண் சொன்னார். எல்லா மேஜைக்கும் ஒருவர் உண்டு, கண்டுகொள்ள வேண்டாம், ஆனால் மறந்தும்விட வேண்டாம். வழிகாட்டிப் பெண் நம் பக்கத்துக்காரர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. கணவருக்கு ஆணையத்தின் கிடங்கில் வேலை.

உயரமான ஒரு பரிமாறுபவர் சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். பரிசோதகர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சு" என்றார். அது புகாரே இல்லை. எட்டுக் குழாயில் ஏதோ ஒன்றைப் பற்றி எழுதுகிற மாதிரி சொன்னார். கவனிப்பாளர் நிமிர்ந்து என்னவென்று கேட்டார். இதமாக இருப்பதாகச் சொல்கிறார் என்று வழிகாட்டிப் பெண் மொழிபெயர்த்தார். ஆனால் கவனிப்பாளர் எழுதிக்கொண்டது வார்த்தையை அல்ல, முகத்தை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதே உணவகத்துக்குப் போனபோது வேறொருவர் பரிமாறினார். மத்தியானம் இருந்த உயரமானவர் எங்கே என்று பரிசோதகர் விசாரித்தார். புதியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். "அவர் லீவுல இருக்கார் சார்" என்றார் வழிகாட்டிப் பெண். சூப் வாய் வெந்துபோகிற சூட்டில் வந்தது. பரிசோதகர் முகத்தை அசைக்காமல் முழுவதையும் குடித்தார்.

மறுநாள் காலை ஒயின் சுவைக்கும் கூடம். ஆணையத்தின் கட்டடம் கருங்கல்லில் கட்டியது. நீண்ட நடைபாதையில் வெயில் நாளிலும் குளிர் எடுத்தது. வரவேற்பறைச் சுவரில், அங்கீகரிக்கப்பட்ட அறுபத்து நான்கு சுவைகளின் பட்டியல் தொங்கியது. ஒன்று, பழுத்த பிளம். இரண்டு, ஈர மண். ஒன்பது, பழைய தோல் செருப்பு. இருபத்திரண்டு, மழைக்கு முந்தைய காற்று. முப்பத்தொன்பது, சொல்லாமல் பிரிந்துபோன நண்பன். வந்தவர்கள் அதை மனப்பாடம் செய்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். ஐம்பது பேர் சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பரிசோதகரின் மனைவி வழிகாட்டிப் பெண்ணைச் சொல்லச் சொல்லி, அரை மணி நேரத்தில் அறுபத்து நான்கையும் நெட்டுருப் போட்டுவிட்டாள். நீதிமன்றத்தில் இதைவிடப் புரியாததையெல்லாம் அடித்திருக்கிறாள்.

ஆணையர் குட்டையானவர், கனிவானவர். ஒவ்வொருவரையும் கை குலுக்கி உள்ளே அனுப்பிவிட்டு உரையாற்றினார். வழிகாட்டிப் பெண் காதருகில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"முன்னாடியெல்லாம் அவங்கவங்க வாய்க்கு என்ன தோணுதோ அதைச் சொல்லிட்டிருந்தாங்க. ஒரே பீப்பாயை ஒருத்தர் நல்லா இருக்குன்னாரு, இன்னொருத்தர் புளிக்குதுன்னாரு. ஊரே குழம்பிப் போச்சு. ஆணையம் வந்த பிறகு இங்க ஒருத்தர்கூடத் தப்பா ருசிச்சதில்ல. இன்னிக்கு உங்களுக்குத் தரப்போறது நாலாம் தொட்டி. புதுத் தொட்டி. தங்கப் பதக்கம் வாங்கினது. பதக்கத்தைத் தொட்டியில ஊத்துறதுக்கு முன்னாடியே குடுத்துட்டோம். ஊத்தினதுக்கு அப்புறம் குடுக்கலாம்னா, அதுக்குள்ள யாராவது குடிச்சுப் பார்த்து அபிப்பிராயம் வெச்சுக்கிறாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள்.

ஒரு சாண் உயரக் கண்ணாடிக் கோப்பையில் இரண்டு விரற்கடை அளவு ஊற்றிக் கொடுத்தார்கள். சுழற்றச் சொன்னார்கள். சுழற்றினார். மூக்கருகில் கொண்டுபோனதும் பரிசோதகரின் கை நின்றுவிட்டது.

அந்த வாடை அவருக்குத் தெரியும். பதினொரு வருஷம் முன்பு, நிலையத்தில் ஒரு தொட்டிக்கு உள்பூச்சு அடித்தார்கள். அது காய்வதற்குள் ஒப்பந்தக்காரர் தண்ணீரை நிரப்பிவிட்டார். மூன்றாம் குழாயில் அதைக் கண்டுபிடித்து வால்வை அடைக்கச் சொன்னது இவர்தான். பாதி ஊருக்கு ஒரு நாள் தண்ணீர் இல்லை. ஊர் அவரைத் திட்டித் தீர்த்தது. யாருக்கும் ஒன்றும் ஆகாததால், ஒன்றும் ஆகியிருக்காது என்றே கடைசிவரை பேசினார்கள்.

"குடிக்காத" என்று மனைவியிடம் சொன்னார். அவள் ஏற்கெனவே விழுங்கியிருந்தாள். இரண்டு முறை.

அவர் வழிகாட்டிப் பெண்ணிடம், தொட்டிக்குள் அடித்த பெயிண்ட் காயவில்லை, அது ஒயினில் இறங்கியிருக்கிறது, எல்லோரையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். அந்தப் பெண் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு ஆணையரிடம், மிகவும் புதுமையாக இருப்பதாகச் சொல்கிறார் என்றார். பரிசோதகருக்கு மொழி தெரியாது. ஆனால் ஆணையர் மகிழ்ந்து தலையாட்டியதிலிருந்து என்ன நடந்தது என்று தெரிந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு ஆணையரிடமே போனார். பச்சை வர்ணம் அடித்த ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டி, அந்தத் துகளை எடுத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

ஆணையர் கோபப்படவில்லை. பட்டியலை வரவழைத்து, அறுபத்து நான்கின் மேலும் விரலை ஓட்டினார். மறுபடி கீழிருந்து மேலாக ஓட்டினார். நிஜமான வருத்தத்துடன், "பெயிண்ட் இல்லையே" என்றார்.

சாம்பல் கோட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து பரிசோதகரை மரியாதையாக அழைத்துக்கொண்டு போனார்கள். கணவரைச் சிறப்புச் சுவைக்குத் தேர்ந்தெடுத்திருப்பதாக மனைவியிடம் சொன்னார்கள். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

முதலில் மருத்துவர். நாக்கை நீட்டச் சொல்லி ஒரு குச்சியால் தட்டிப் பார்த்தார், மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார், நெடுநேரம் எழுதினார். பிறகு வழிகாட்டிப் பெண் மூலமாகத் தன் முடிவைச் சொன்னார். "உங்க நாக்குலயும் குறை இல்ல, மூக்குலயும் குறை இல்ல. அதான் கவலையா இருக்கு. குறை இருந்திருந்தா மருந்து எழுதிக் குடுத்து இப்பவே அனுப்பியிருப்பேன்." அத்துடன் வழிகாட்டிப் பெண்ணை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பரிசோதகரை மறுபரிசீலனை அறைக்கு அனுப்பினார்கள்.

சுத்தமான அறை. உயரத்தில் ஒரே ஜன்னல். மூன்று நாற்காலிகளில் இரண்டில் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் முந்தைய நாள் சூப் பரிமாறிய உயரமானவர். அவர் முன்னால் ஒரு தட்டுச் சூப் இருந்தது. அதன் மேல் ஏடு படிந்திருந்தது. அவர் ஒவ்வொரு கரண்டியையும் வாயருகில் கொண்டுபோய், சுடுகிற மாதிரி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பரிசோதகரைப் பார்த்ததும் எழுந்து நின்று வணங்கிவிட்டு, மறுபடி உட்கார்ந்து ஊதினார்.

இன்னொருவர் மெலிந்தவர், கண் சிவந்திருந்தது. சட்டைக் கையில் வெள்ளைத் தீற்றல்கள் இருந்தன. பரிசோதகர் வாய்க்குள் ஏதோ முனகியதைக் கேட்டு, "நம்மூர்க்காரரா சார்?" என்றார்.

அவர்தான் நாலாம் தொட்டிக்குப் பூச்சு அடித்தவர். நான்கு வருஷமாக இங்கே பெயிண்டர். ஊரில் தம்பியின் படிப்பும் அம்மாவின் வைத்தியமும் இவர் கையில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏழு நாள் காயணும் சார், டப்பாவுலயே போட்டிருக்கு. ரெண்டாம் நாளே ஊத்திட்டாங்க. விழாத் தேதியை மாத்த முடியாதாம். கேட்டேன். அதுக்குத்தான் இங்க கொண்டாந்து உக்கார வெச்சிருக்காங்க."

"எத்தனை நாளா?"

"அஞ்சு நாள். மணிக்கு ஒரு கோப்பை குடுப்பாங்க. என்ன தெரியுதுன்னு கேப்பாங்க."

பரிசோதகர் அவர் கையைப் பார்த்தார். இப்போது என்ன தெரிகிறது என்று கேட்டார்.

பெயிண்டர் சட்டைக் கையில் இருந்த தீற்றலைத் தேய்த்துப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து பிளம் தெரியுது சார். நான்தான் அடிச்சேன். என் கையால மூணு கோட்டு அடிச்சேன். இருந்தும் பிளம்தான் தெரியுது."

உயரமானவர் சூப்பை ஊதினார்.

மணிக்கு ஒரு தரம் ஒரு குமாஸ்தாப் பெண் கோப்பையுடனும் தாளுடனும் வந்தாள். தாளில் ஏற்கெனவே எழுதியிருந்தது: பழுத்த பிளம், நாக்கில் நெடுநேரம் நிற்கும். பெயிண்டர் அதைப் படித்துச் சொன்னார். பரிசோதகர் ஒவ்வொரு முறையும் வாயில் வைத்து, துப்பிவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தார். நான்காவது முறை அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. பெயிண்ட் வாடைக்கு அடியில், வெகு தூரத்தில், ஏதோ ஒரு பழம் இருக்கிற மாதிரி இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் பயந்தது அந்த ஒரு நிமிஷம்தான். நாற்காலியை ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டு ஏறி, வெளிக்காற்றை இழுத்து இழுத்து முகர்ந்தார்.

ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் விழா விருந்துக்கு மேஜைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருநூறு நாற்காலி இருக்கும். முன்வரிசையில் அவர் மனைவி, கொண்டுவந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாம்பல் கோட்டு. எதிரில் காலிக் கோப்பை, நிரப்பப்படுவதற்காக.

பரிசோதகர் இறங்கிவந்து பேனாவைக் கேட்டார். ஓய்வு பெற்ற பிறகு எழுதிய முதல் அறிக்கை அது. பொய்யாக எழுதிய முதல் அறிக்கையும் அதுதான். கையெழுத்து மட்டும் வழக்கம்போல் தெளிவாக விழுந்தது. குமாஸ்தாப் பெண் அதை ஒற்றி எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டாள். பரிசோதகர் பெயிண்டரையும் கூப்பிட்டுப் பார்த்தார். "நீங்க போங்க சார், எனக்கு இன்னும் ரெண்டு கோப்பை பாக்கி இருக்கு" என்றார் பெயிண்டர்.

முற்றத்தில் மாலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நாலாம் தொட்டி எல்லாக் கோப்பையிலும் ஊற்றப்பட்டிருந்தது. மனைவி இவரைப் பார்த்துச் சிரித்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவள் உதடு வெளுத்திருப்பதையும், ஒரு கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருப்பதையும் கவனித்தார்.

"என்னங்க, காலையில இருந்து தலை பிளக்குது" என்றாள் அதே சிரிப்புடன். "அந்த ஆளு பார்த்துட்டே இருக்கான். அதான் சிரிச்சிட்டே இருக்கேன்."

அவர் ஏதும் சொல்வதற்குள் ஆணையர் மேடையில் ஏறினார். கையில் பரிசோதகரின் தாள் இருந்தது. வழிகாட்டிப் பெண் பின்னாலிருந்து உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். சில விருந்தினர்கள் காலையிலிருந்து லேசாகத் தயங்குவதாகக் கேள்விப்பட்டேன், தயக்கம் அறுபத்து நான்கில் ஒன்று அல்ல என்றார். பிறகு அறிக்கையை உரக்கப் படித்தார். முப்பத்தொரு வருஷம் ஒரு நகரத்தின் தண்ணீருக்குப் பொறுப்பாக இருந்த நாக்கு இப்படிச் சான்று தருகிறது என்றார். பின்வரிசையில் கோப்பையைத் தொடாமல் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றாகக் கோப்பைகள் உயர்ந்தன.

பரிசோதகர் எழுந்து நின்றார். முட்டி மேஜையில் இடித்தது.

"அது பொய். நான்தான் எழுதினேன், பொய்யா எழுதினேன். இதுல காயாத பெயிண்ட் கலந்திருக்கு. யாரும் குடிக்காதீங்க. குடிச்சவங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

இருநூறு பேரும் வழிகாட்டிப் பெண்ணைப் பார்த்தார்கள். அவர் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கிடங்குக்காரர்களின் மேஜையில் அவருடைய கணவர் இருந்தார். அவர் கணவரை ஒரு முறை பார்த்தார். பிறகு இருபது வருஷத்தில் முதல்முறையாக, கேட்டதை ஒரு சொல் விடாமல், கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

ஆணையரின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. இறங்கிவந்து பரிசோதகரைக் கட்டிக்கொண்டார். கண்ணில் நீர் நின்றது.

"மூணு வருஷமா ஒரு சொல்லுக்காக உட்கார்ந்து யோசிச்சிட்டிருக்கோம்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "பட்டியல் முடிஞ்சு போச்சோன்னு பயந்தோம். கடல் தாண்டி ஒரு மனுஷன் வந்து சொல்லிக் குடுத்திருக்காரு. ஆணையம் திறந்த மனசு உள்ளது. உண்மையை நாங்க எப்பவும் சேர்த்துக்குவோம். அறுபத்தஞ்சு, காயாத பெயிண்ட்."

ஒரு சிப்பந்தி பட்டியலைக் கொண்டுவந்து கடைசியில் எழுதினார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பிறகு எல்லோரும் அவசரமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, அந்தச் சுவையைத் தேடிக் குடித்தார்கள். முத்துமாலை போட்ட ஒரு முதிய பெண்மணி, "ஆமா, முதல்ல பெயிண்ட் வருது, அப்புறம்தான் பிளம்" என்றாராம். பக்கத்தில் இருந்தவர் தனக்கு இன்னும் வரவில்லை என்று இரண்டாவது கோப்பை கேட்டார். வழிகாட்டிப் பெண் இதையெல்லாம் யாரும் கேட்காமலே தமிழில் சொல்லிக்கொண்டு நின்றார், நிறுத்தத் தெரியாதவர் மாதிரி. பெயிண்டரை அறையிலிருந்து கூட்டிவந்து மேடையில் ஏற்றினார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார். ஒரு கோப்பை கொடுத்தார்கள். குடித்தார்.

பரிசோதகர் மனைவியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். யாரும் தடுக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. தோட்டத்துக் குழாயடியில் அவள் குனிந்து வாந்தி எடுத்தாள். அவர் குழாய்த் தண்ணீரைத் தான் ஒரு வாய் சுவைத்துப் பார்த்துவிட்டு அவளுக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வழி கேட்க மொழி தெரியாததால், விடுதி அறைக்குக் கூட்டிப்போய், பொழுது விடியும்வரை அவளைத் தூங்கவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். "யாரோ சமைச்சதைச் சாப்பிடணும்னு ஆசைப்பட்டேன்" என்று ஒரு தடவை சொன்னாள்.

பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு, காலையில் விமான நிலையம் கிளம்ப வண்டி வந்தபோது வேறொரு வழிகாட்டி இருந்தார். நேற்று இருந்தவர் லீவில் இருக்கிறார் என்று சைகையும் சொல்லுமாகப் புரியவைத்தார்.

வண்டி ஆணையத்தின் தெரு வழியாகத்தான் போக வேண்டும். வாசலில் புதுப் பலகை வைத்திருந்தார்கள். அதில் பெரிதாக அறுபத்தைந்து என்ற எண் மட்டும் இருந்தது. வரிசை மூன்று தெருவுக்கு வளைந்து நின்றது. குடும்பம் குடும்பமாக, கேமராவும் குழந்தைகளுமாக. பக்கவாட்டுக் கேட்டிலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. வரிசை ஒழுங்காக விலகி வழிவிட்டது. பின்னால் இன்னொன்று வந்தது. அதுவும் போனதும் வரிசை சேர்ந்துகொண்டது.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

அவளுக்கு நேராக நிற்க இன்னும் தெம்பு வரவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேரும் வரிசையின் தொடக்கத்துக்குப் போனார்கள். மொழி இல்லை, மொழிபெயர்க்க ஆளும் இல்லை. அவள் கட்டடத்தைக் காட்டினாள், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள், பிறகு மூக்கை இறுகப் பிடித்துக் காட்டினாள். அவரும் பிடித்துக் காட்டினார். இப்படியே ஒவ்வொருவர் முன்னாலும் நின்று காட்டிக்கொண்டு போனார்கள்.

முதலில் நின்ற தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரிசோதகரின் முகத்தை காலைப் பத்திரிகையில் வந்த விழாப் படத்தில் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அவர்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். குழந்தைகளுக்குத் தாய்மார்கள் பிடித்துவிட்டார்கள். தெரு முனைவரைக்கும் கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின.

கேட் திறந்தது. மூக்கைப் பிடித்தபடியே எல்லோரும் வரிசை குலையாமல் உள்ளே போனார்கள்.